இரண்டு கண், இரண்டு கண்ணாடி: பெரிய படங்களுக்கு ஒரு ஸ்டீரியோ கருவி

இந்த முறை அறிவியல் பாடத்தை ஒரு சின்ன சோதனையோடு ஆரம்பிப்போம். கையை நீட்டிக் கட்டை விரலை உயர்த்துங்க. இடது கண்ணை மூடி வலது கண்ணால பாருங்க. அப்புறம் வலதை மூடி இடதால பாருங்க. விரல் அசையவே இல்லை. ஆனா பின்னால் இருக்கிற சுவரோடு ஒப்பிட்டால் அது பக்கவாட்டில் குதிக்கிற மாதிரி தெரியுது, இல்லையா? இப்போ விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு வந்து அதையே செய்யுங்க. குதிப்பு இன்னும் பெரிசாகும்.

நம் இரண்டு கண்களுக்கும் நடுவே சராசரியாக 63 மி.மீ. இடைவெளி இருக்கிறது. அதனால் ஒவ்வொரு கண்ணும் சற்று வேறான படத்தைப் பார்க்கிறது. பக்கத்தில் இருக்கும் பொருள் அதிகம் விலகும், தூரத்தில் இருப்பது குறைவாக விலகும். அந்த விலகலை மூளை ஒப்பிட்டு 'இது கிட்ட, அது தூரம்' என்று முடிவு செய்கிறது. இடது கண் பார்க்க வேண்டிய படத்தை இடது கண்ணுக்கு மட்டும், வலது கண்ணுக்கு உரியதை வலது கண்ணுக்கு மட்டும் காட்டினால், தட்டையான இரண்டு காகிதங்களிலிருந்தும் மூளை ஆழத்தைக் கண்டுபிடித்துவிடும். அப்படிக் காட்டும் கருவிதான் ஸ்டீரியோஸ்கோப்.

ஒரு முன்குறிப்பு: இந்தக் கட்டுரையில் 'கண்ணாடி' என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி. மூக்கில் மாட்டுவதை 'மூக்குக்கண்ணாடி' என்றே எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே குழப்பம் வந்துவிடும்!

புகைப்படத்துக்கும் மூத்த கருவி

இங்கிலாந்தைச் சேர்ந்த சார்ல்ஸ் வீட்ஸ்டன் 1838-ல் இந்தக் கருவியை லண்டன் ராயல் சொசைட்டிக்கு விளக்கினார். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல்தான். ஆகவே அவர் காட்டியவை புகைப்படங்கள் அல்ல, கையால் வரைந்த கோட்டுப் படங்கள். இரண்டு கண்ணாடிகளை 'வி' வடிவில் சேர்த்து, அதன் கூர்முனை பார்ப்பவரின் மூக்கை நோக்கி இருக்கும்படி வைத்தார். இடது பக்கம் ஒரு படம், வலது பக்கம் ஒரு படம். ஒவ்வொரு கண்ணும் தனக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில் தன் பக்கத்துப் படத்தை மட்டுமே பார்க்கும்.

பிறகு 1849-ல் டேவிட் புரூஸ்டர் லென்ஸ் வைத்த சிறிய பெட்டியைக் கொண்டுவந்தார். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அந்த வகைக் கருவி மக்களைக் கவர்ந்தது. 1861-ல் அமெரிக்காவின் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் கையில் பிடித்துப் பார்க்கும் எளிய வடிவத்தை உருவாக்கினார். அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை, அதனால் யார் வேண்டுமானாலும் செய்து விற்க முடிந்தது. கண்ணாடிக் கருவி பின்னுக்குப் போனது. லென்ஸ் கருவி சிறியது, மலிவானது, பையில் போட்டுக் கொண்டு போகலாம். ஆனால் அதன் படமும் சிறியது. ஹோம்ஸ் அட்டையில் ஒவ்வொரு படமும் ஏறக்குறைய 3 அங்குல அகலம்தான்.

எனக்கு ஏன் பெரிய படம் தேவைப்பட்டது?

நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். என் அப்பா பிறந்து வளர்ந்த தோட்டம் பேராக்கில் இருக்கிறது. அங்கே பால்மரம் வெட்டி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. மிச்சம் இருப்பது இரண்டு வரிசை லயத்து வீடுகள், ஒரு ஆயாக்கொட்டகை, பெரட்டுக் களம். நிலம் கைமாறிவிட்டது, கட்டடங்களை இடிக்கப் போகிறார்கள் என்று போன ஆண்டு உறுதியாகத் தெரிந்தது. நம் வட்டாரக் கிளை நண்பர்கள் அதைப் படமாக்கி வைக்கலாம் என்று முடிவு செய்தோம்.

சாதாரணப் படம் போதாதா என்று கேட்கலாம். லயத்தைத் தட்டையான படத்தில் பாருங்க: ஒரே நீளத்துக்குக் கதவுகள், பலகைச் சுவர், துத்தநாகக் கூரை. வாசல் படி, படிக்கு முன்னால் ஓடும் கால்வாய், அதன் மேல் போட்ட பலகை எல்லாம் ஒரே பழுப்பு நிறத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். எது எங்கே இருந்தது என்பதுதான் அங்கே வாழ்ந்தவர்களுக்கு முக்கியம். ஆழம் இருந்தால் அது தெரியும். இன்னொன்று, பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் எழுபது வயதைத் தாண்டியவர்கள். மூன்று அங்குல அட்டையை அவர்கள் கையில் கொடுத்து 'உற்றுப் பாருங்க பாட்டி' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஏ3 காகிதம், அதாவது 42 செ.மீ. அகலப் படம் என்று தீர்மானித்தோம்.

லென்ஸ் ஏன் போதாது?

இரண்டு ஏ3 படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவற்றின் மையங்களுக்கு நடுவே 420 மி.மீ. தூரம். நம் கண்களுக்கு நடுவே 63 மி.மீ. மட்டுமே. மிச்சம் 357 மி.மீ. அதாவது ஒவ்வொரு கண்ணும் வெளிப்பக்கமாக 178 மி.மீ. தள்ளிப் பார்க்க வேண்டும். 60 செ.மீ. தூரத்தில் இது ஏறக்குறைய 16.6 பாகை. நம் கண்கள் உள்பக்கம் திரும்பும், இரண்டும் ஒரே நேரத்தில் வெளிப்பக்கம் திரும்பாது. ஆகவே கருவிதான் ஒளியைத் திருப்பித் தர வேண்டும்.

லென்ஸின் நடுப்பகுதி வழியாகப் பார்க்காமல் ஓரமாகப் பார்த்தால் அது பிரிசம் போல வேலை செய்யும். புரூஸ்டரும் ஹோம்ஸும் பயன்படுத்தியது இந்த உத்திதான். கணக்கு எளிது: லென்ஸின் சக்தியை டயாப்டரில் எடுத்து, மையத்திலிருந்து விலகிய தூரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பெருக்கினால் பிரிசம் டயாப்டர் கிடைக்கும். 5 டயாப்டர் லென்ஸில் 1 செ.மீ. விலகினால் 5 பிரிசம் டயாப்டர், அதாவது 1 மீட்டர் தூரத்தில் 5 செ.மீ. திருப்பம். சின்ன அட்டைக்கு இது போதும். நம்முடைய ஏ3 படத்துக்குத் தேவை கிட்டத்தட்ட 30 பிரிசம் டயாப்டர். அவ்வளவு தடிமனான பிரிசம் படத்தின் ஓரங்களை வளைத்து, வெளிச்சத்தைப் பிரித்து, ஒவ்வொரு விளிம்பிலும் வானவில் காட்டும். கண்ணாடிக்கு இந்தத் தொல்லை இல்லை. எல்லா நிறத்தையும் அது ஒரே கோணத்தில் திருப்பும். எனவே 1838-க்கே திரும்பிப் போனோம்.

விமானத்திலிருந்து எடுத்த 23 செ.மீ. சதுரப் படங்களைப் பார்க்க நில அளவைத் துறையினர் வைத்திருப்பதும் கண்ணாடி ஸ்டீரியோஸ்கோப்தான். அதில் நான்கு கண்ணாடிகள் இருக்கும். படங்களை மேசையில் படுக்கவைத்து மேலிருந்து பார்க்கலாம். ஒளி இரண்டு தடவை திரும்புவதால் படம் இடம் வலம் மாறாது. எங்கள் கருவிக்கு நான்கு கண்ணாடி வேண்டாம், இரண்டே போதும். படங்களைக் கணினியில் இடம் வலம் மாற்றி அச்சடித்துவிட்டால் வேலை முடிந்தது.

தூரத்தை முதலில் தீர்மானியுங்கள்

எந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் படம் இயல்பாக இருக்கும்? கேமரா லென்ஸின் குவியத்தூரத்தைப் படம் எத்தனை மடங்கு பெரிதாக்கப்பட்டதோ அதால் பெருக்குங்கள். எங்கள் கேமராவின் உணரி 36 மி.மீ. அகலம், லென்ஸ் 50 மி.மீ. 36-ஐ 420 ஆக்கினால் 11.67 மடங்கு. 50 × 11.67 = 583 மி.மீ. ஆகவே 60 செ.மீ. என்று வைத்துக்கொண்டோம். இந்தத் தூரத்தில் படம் 38 பாகைக்கும் மேலான அகலத்தில் தெரியும். ஹோம்ஸ் அட்டை 20 பாகையை ஒட்டித்தான் வரும்.

தூரத்தைத் தப்பாக வைத்தால் என்ன ஆகும்? 28 மி.மீ. லென்ஸில் எடுத்த படத்துக்குச் சரியான தூரம் 33 செ.மீ. அதை 60 செ.மீ.யில் வைத்தால் ஆழம் ஏறக்குறைய 1.8 மடங்கு இழுபடும். பத்தடி வாசல் பதினெட்டடி போலத் தெரியும். அந்த வாசலில் விளையாடி வளர்ந்தவருக்கு 'இது நம்ம இடம் இல்லையே' என்று தோன்றும். அதனால்தான் இந்தக் கணக்கை வலியுறுத்துகிறேன். கைபேசியில் எடுப்பவர்கள் 2 மடங்கு ஜூம் பயன்படுத்தினால் இந்த 60 செ.மீ. கணக்குக்குக் கிட்டே வந்துவிடலாம்.

கண்ணாடி எவ்வளவு பெரிசு வேண்டும்?

கண்ணுக்கும் கண்ணாடியின் மையத்துக்கும் 7 செ.மீ. வைத்தோம். மூக்குக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் இடம் வேண்டுமே! கண்ணாடியிலிருந்து படத்துக்கு 53 செ.மீ. மொத்தம் 60.

கண்ணாடி 45 பாகையில் சாய்ந்திருப்பதால் மூக்குப் பக்கம் கண்ணுக்குக் கிட்டவும் வெளிப்பக்கம் தூரவும் இருக்கும். படத்தின் இரண்டு ஓரங்களிலிருந்தும் கண்ணுக்குக் கோடு போட்டுப் பார்த்தால், 'வி'யின் முனையிலிருந்து 98 மி.மீ. நீளமும், வெளி ஓரத்தில் 54 மி.மீ. உயரமும் தேவை என்று வருகிறது. தலை கொஞ்சம் அசையத்தான் செய்யும். ஆகவே 12 செ.மீ. நீளம், 8 செ.மீ. உயரம் என்று வெட்டினோம். பாருங்க, அவ்வளவு பெரிய படத்துக்கு உள்ளங்கை அளவுக் கண்ணாடி போதும். கண்ணுக்குக் கிட்ட இருப்பதுதான் ரகசியம்.

இரண்டு படங்களும் ஒன்றையொன்று பார்த்தபடி, 112 செ.மீ. இடைவெளியில் நிற்க வேண்டும். கடையில் கிடைக்கும் நான்கடிப் பலகை 122 செ.மீ. அளவு சரியாக அடங்கிவிட்டது.

வீட்டுக் கண்ணாடி வேண்டாம்

குளியலறைக் கண்ணாடியில் வெள்ளிப்பூச்சு பின்பக்கம் இருக்கும். ஒளி முதலில் முன் பரப்பில் பட்டு ஏறக்குறைய 5 விழுக்காடு அங்கேயே திரும்பிவிடும். மிச்சம் உள்ளே போய் வெள்ளியில் பட்டுத் திரும்பும். 3 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடியை 45 பாகையில் வைத்தால் இந்த இரண்டு படங்களுக்கும் நடுவே 2 மி.மீ.க்கு மேல் விலகல் வரும். முகம் பார்க்கும்போது இது தெரியாது. ஸ்டீரியோவில் நன்றாகவே தெரியும். ஏனென்றால் இடது கண்ணாடியில் அந்த நிழற்படம் ஒரு பக்கம் விலகும், வலது கண்ணாடியில் எதிர்ப்பக்கம் விலகும். மூளை அதையும் ஆழம் என்றே எடுத்துக்கொள்ளும். கூரையின் விளிம்புக்கு மேல் மங்கலாக இன்னொரு விளிம்பு தனியாக மிதக்கும்!

ஆகவே முன்பரப்பில் பூச்சு உள்ள கண்ணாடிதான் வேண்டும். பழைய ஓவர்ஹெட் புரொஜெக்டரின் தலையில் பெரும்பாலும் இந்த வகைதான் இருக்கும், கேட்டு வாங்கலாம். கண்டுபிடிக்க ஒரு வழி: பென்சில் முனையை மெதுவாகப் பரப்புக்குக் கிட்டே கொண்டு போங்க. முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் பின்பூச்சு, இரண்டும் ஒட்டிக்கொண்டால் முன்பூச்சு. இந்தப் பரப்பைத் துணியால் துடைக்கக் கூடாது, கீறல் விழும். காற்றை ஊதித் தூசியை அகற்றினால் போதும்.

எழுபது வயதுக் கண்கள்

60 செ.மீ.யில் கூர்மையாகப் பார்க்கக் கண் 1.67 டயாப்டர் அளவுக்குத் தன் லென்ஸை வளைக்க வேண்டும். நமக்கு அது பெரிய விஷயமே இல்லை. வயதானவர்களின் கண்லென்ஸ் இறுகிவிடுவதால் அவர்களால் முடியாது. அவர்கள் வைத்திருக்கும் வாசிப்பு மூக்குக்கண்ணாடியோ 35, 40 செ.மீ. தூரத்துக்கானது.

இதற்குத் தீர்வு கடையிலேயே இருக்கிறது. +1.50 என்று எழுதிய ஆயத்த வாசிப்பு மூக்குக்கண்ணாடி ஒன்றைக் கருவியின் முகப்பில் பொருத்தினோம். அதன் வழியே பார்க்கும்போது படம் சில மீட்டர் தள்ளி இருப்பது போலக் கண் உணரும். தூரப்பார்வைக்கு மூக்குக்கண்ணாடி போடுபவர் அதைக் கழற்றாமலே பார்க்கலாம். கண் இடைவெளி ஆளுக்கு ஆள் வேறுபடுமே என்றால், லென்ஸ் மையத்திலிருந்து 3 மி.மீ. விலகினாலும் 0.3 × 1.5 = 0.45 பிரிசம் டயாப்டர்தான். பொருட்படுத்த வேண்டியதில்லை.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கிட்டப் பார்க்கும்போது கண்கள் உள்பக்கம் திரும்புவதும் லென்ஸ் வளைவதும் சேர்ந்தே நடக்கும். இந்தக் கருவியில் படம் தூரத்தில் இருப்பது போலத் தெரிவதால் கண்கள் இணையாக நேரே பார்த்தாலே போதும், இரண்டும் ஒத்துப்போகும். தலைவலி குறையும்.

படம் எடுக்கும்போது

கேமராவை ஒரு சட்டத்தில் வைத்து ஒரு படம் எடுத்து, 6.5 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்தி இன்னொரு படம் எடுங்க. மிக அருகில் உள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு என்பது நல்ல கணக்கு. 2 மீட்டர் என்றால் 6.5 செ.மீ. சரியாக இருக்கும். இரண்டு தடவையும் கேமரா ஒரே திசையை இணையாகப் பார்க்க வேண்டும். ஒரே பொருளை நோக்கிக் கேமராவைத் திருப்பினால் படத்தின் மூலைகளில் மேல் கீழ் வித்தியாசம் வந்துவிடும். காற்று வீசாத நேரமாகப் பாருங்க. கோழி குறுக்கே போனால் திரும்ப எடுங்க, வேறு வழியில்லை.

சரிப்படுத்தும் வரிசை

1. இடது படத்தை இடப்பக்கமும் வலது படத்தை வலப்பக்கமும், இரண்டையும் இடம் வலம் மாற்றி அச்சடித்தே வையுங்க. மாற்றாமல் வைத்தால் கிட்ட இருப்பது தூரமாகவும், தூரம் கிட்டவும் தெரியும். மாற்றாத படங்களைப் பக்கம் மாற்றி வைத்தால் ஆழம் சரியாக வரும், ஆனால் பெயர்ப்பலகை எழுத்து இடம் வலம் மாறி ஓடும். எழுத்துள்ள ஒரு படத்தை வைத்துச் சோதிப்பது நல்லது.

2. உயரத்தைச் சரிபாருங்க. பக்கவாட்டு வித்தியாசத்தைக் கண் தாங்கும், மேல் கீழ் வித்தியாசத்தைத் தாங்காது. 2 மி.மீ.க்குள் கொண்டு வருவது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம்.

3. கடைசியாகக் கண்ணாடியின் கோணம். கண்ணாடி 1 பாகை திரும்பினால் ஒளி 2 பாகை திரும்பும். 53 செ.மீ. தள்ளி அது 18 மி.மீ. விலகல்! அதனால் பசை போட்டு ஒட்டாமல், மூன்று திருகாணியும் சுருள்வில்லும் வைத்து மெல்லத் திருப்புங்க. தூரத்து மரம் இரண்டு கண்ணுக்கும் நேராக வந்ததும் நிறுத்துங்க.

4. இரண்டு படங்களுக்கும் ஒரே வெளிச்சம். ஒரே சுருளிலிருந்து வெட்டிய எல்.இ.டி. பட்டைகள், பளபளப்பில்லாத காகிதம்.

'வி.ஆர். ஹெட்செட் வாங்கியிருக்கலாமே?'

கூட்டத்தில் ஒரு தம்பி கேட்ட கேள்வி, நியாயமானதுதான். நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகைக்குள் 60 புள்ளிகளைப் பிரித்தறியும். பரவலாக விற்கும் ஹெட்செட்கள் ஒரு பாகைக்கு 20, 25 புள்ளிகள் தருகின்றன. எங்கள் படத்தில் 6000 புள்ளிகள் 38 பாகைக்குள் அடங்குகின்றன, ஏறக்குறைய 150. பலகைச் சுவரில் ஆணி துருப்பிடித்து இறங்கிய கறையைக்கூடப் பார்க்கலாம். தலையில் எதையும் மாட்ட வேண்டாம், மின்னூட்டம் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கொண்டு போனால் போதும். ஹெட்செட் தலையைத் திருப்பினால் படமும் திரும்பும், அந்த வசதி எங்களிடம் இல்லைதான். தேவை எது என்று முதலில் கேட்டுக்கொண்டு, பிறகு கருவியைத் தேர்ந்தெடுப்பதுதான் பொறியியல்.

கிளை மண்டபத்தில் கருவியை வைத்த அன்று, தோட்டத்தில் மரம் வெட்டிய ஒரு பாட்டி நீண்ட நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, 'மூணாவது கதவு எங்க வீடு. படிக்குப் பக்கத்துல ஒரு கல்லு இருக்கு பாரு, அதுலதான் மங்கு கழுவிக் கவுத்து வைப்போம்' என்றார். தட்டையான அதே படத்தை நான் கணினியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்தக் கல்லைப் படியின் ஒரு மூலை என்றுதான் எண்ணியிருந்தேன். அவர் சொன்ன பிறகு அதைப் படத்தின் குறிப்பேட்டில் எழுதி வைத்தோம். அன்று மட்டும் பதினேழு குறிப்புகள் சேர்ந்தன: யார் வீடு எது, எந்த மரத்தடியில் சம்பளம் கொடுத்தார்கள், கால்வாய்ப் பலகையை மாற்றியது யார்.

ஒரு தாத்தாவுக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு எந்தக் கருவியும் ஸ்டீரியோ ஆழம் தராது. அவரைக் கருவிக்கு முன்னால் உட்கார வைத்து வருத்தப்படுத்தாமல், மாற்றாமல் அச்சடித்த பெரிய படத்தைக் கையில் கொடுத்தோம். அதிகம் கதை சொன்னது அவர்தான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

ஒன்று: கைபேசியில் 6.5 செ.மீ. நகர்த்தி இரண்டு படங்கள் எடுங்க. கிட்ட இருக்கும் பொருள் எவ்வளவு நகர்ந்தது, தூரத்துப் பொருள் எவ்வளவு நகர்ந்தது என்று அளவுகோலால் அளந்து பாருங்க.

இரண்டு: உங்கள் கேமராவுக்கும் ஏ4 காகிதத்துக்கும் சரியான பார்க்கும் தூரத்தைக் கணக்கிடுங்க. ஏ4 அகலம் 297 மி.மீ.

மூன்று: உங்கள் வட்டாரத்தில் சீக்கிரம் இல்லாமல் போகக்கூடிய இடம் எது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்க. கணக்கையும் கருவியையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். படத்தை மட்டும் இந்த விடுமுறைக்குள் எடுத்துவிடுங்க. கட்டடம் இடிந்த பிறகு இரண்டாவது படத்தை எடுக்க முடியாது.